பாறை மேட்டு மரமும் மேல்காற்றும்: படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனைமலை, அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி சமணர் மலை என்று மதுரையைச் சுற்றியுள்ள பாறைகளில் வேர்விட்ட மரங்களுக்கு வயதோடு காற்றும் சேர்ந்துதான் உருவம் கொடுக்கிறது. ஆனியில் மேற்கிலிருந்து கிளம்பும் மேல்காற்று ஆடியில் உச்சத்துக்குப் போகும். மறைப்பில்லாத மேட்டில் ஆண்டாண்டாக அந்த அடியை வாங்கிய மரத்தின் தலை கிழக்கே சாய்ந்திருக்கும். பலரின் படத்தில் அந்தச் சாய்வே காணாமல் போகிறது.

காரணம், நிற்கும் இடம். மேற்கிலோ கிழக்கிலோ நின்று எடுத்தால் சாய்வு கேமராவை நோக்கியோ எதிர்ப்பக்கமோ போய்விடும். எவ்வளவு வளைந்த மரமும் நட்ட கம்பம் போலத் தெரியும். மரத்துக்கு வடக்கிலோ தெற்கிலோ நில்லுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும், பட்டையின் வெடிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் கிடைக்கும். ஆடியில் சூரியன் நேர்கிழக்குக்குச் சுமார் 20 டிகிரி வடக்கே தள்ளி உதிப்பதால் வடக்குப் பக்கம் நிற்பது நல்லது. மார்கழியில் அது தெற்கே போய்விடும், நீங்களும் தெற்குப் பக்கம் மாறுங்கள். ஆடி மதியத்தில் வெயில் கிட்டத்தட்ட உச்சந்தலையில் இருக்கும், பட்டை தட்டையாகிவிடும். அப்போது எடுக்காமல் இருப்பதே மேல்.

அடுத்தது ஷட்டர் ஸ்பீடு, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். இலை நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்யாமல் கேமராவை ஆட்டோவில் விட்டால், மங்கலான வெளிச்சத்தில் அது 1/60 நொடிப் பக்கம் போய் நிற்கும். அந்த வேகத்தில் இலை அசைந்ததாகவும் தெரியாது, நின்றதாகவும் தெரியாது. கை நடுங்கியது போல இருக்கும். இலை நிற்க 1/500 வையுங்கள், அதற்காக ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 800 ஆனாலும் பரவாயில்லை. இலை ஓடி, அடிமரம் மட்டும் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் அரை நொடி வேண்டும். லென்ஸ் முன் மாட்டும் கருங்கண்ணாடியான 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சம் ஆறு முறை பாதியாகும்) போட்டால் 1/125 நொடி அரை நொடியாகிவிடும். ஆல், இச்சி, புளி மாதிரி பருத்த அடிமரத்துக்குத்தான் இது பொருந்தும். பனையில் செய்யாதீர்கள், அது உடம்போடு ஆடும்.

ட்ரைபாட் இருந்தும் படம் ஆடுவதற்குப் பெரும்பாலும் நடுத்தண்டை உயர்த்துவதே காரணம். அதை இறக்கிவிட்டு, கால்களை அகல விரித்துத் தாழ வையுங்கள். மொட்டைப் பாறையில் முள் நுனி வழுக்கும், ரப்பர் நுனிதான் பிடிக்கும். கேமராவின் கழுத்து வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் கொடி போலப் படபடத்து அதுவே ஆட்டத்தைக் கொடுக்கும். கனத்துக்குப் பையைத் தொங்கவிடும்போது அதன் அடி பாறையைத் தொட வேண்டும். அந்தரத்தில் விட்டால் ஊஞ்சலாடும்.

வெளுத்த வானத்தையும் வெளிறிய பாறையையும் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், அடிமரம் கரிக்கட்டை ஆகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) +2/3 கூட்டி, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பாருங்கள். வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படங்களை எடுத்து எச்டிஆராக, அதாவது ஒரே படமாக இணைப்பது இங்கே உதவாது. ஒவ்வொன்றிலும் இலை வேறு இடத்தில் இருப்பதால் விளிம்பெல்லாம் ஆவி ஆவியாக வரும். ராவில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பில்) ஒரே படம் எடுத்து நிழலைத் தூக்கினால் போதும்.

பாறை இடுக்கில் இறங்கிய இச்சி வேரைப் பார்த்ததும் மொபைலோடு ஒரு முழம் வரை போய்விடுகிறார்கள். அகல லென்ஸில் வேர் யானைக்கால் போல உப்பி, தலை சுண்டிப்போகும். வேர் மட்டும் போதுமென்றால் சரி. முழு மரம் வேண்டுமானால் பின்னால் நகர்ந்து 50 முதல் 70 எம்எம் லென்ஸில் எடுங்கள். தழைக்குப் பின்னால் வெயில் பட்ட பாறை வருகிறதா என்றும் பாருங்கள். நிழலில் கிடக்கும் மலைச்சரிவு வந்தால் கருந்தழை அதில் கரைந்துவிடும், இரண்டு எட்டு தள்ளி நின்றாலே பிரிந்து வரும்.

இம்மரங்களில் பல அய்யனாருக்கும் முனிக்கும் உரியவை. வேரில் செருப்புக் காலோடு ஏறுவதும், கட்டிய துணியையும் வைத்த மண்குதிரையையும் படத்துக்காக நகர்த்துவதும் கூடவே கூடாது. அங்கே யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

லென்ஸ் மாற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டி, கேமரா வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். கண்ணாடியில் மணல் விழுந்தால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். கருங்கல் துகள் கீறிவிடும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகுதான் துணி.