கீமோ போகும் குழந்தையின் வயிறு: வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

கோவையில் குழந்தைக்குப் புற்றுநோய்க்கான கீமோ ஊசி போட்டுவிட்டு கோபிக்கோ தாராபுரத்துக்கோ பஸ் ஏறுகிற அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடும்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பார், ஆனால் வாந்தியும் மலச்சிக்கலும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் படுத்தும்.

முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை முறை வாந்தி, எப்போது வெளிக்குப் போனது, கெட்டியா தண்ணியா, ஒன்றுக்கு எத்தனை தடவை என்று தேதி போட்டு எழுதுங்கள்.

அடுத்து வாந்தி. ஆன்டான்செட்ரான் மாத்திரையோ சிரப்போ கொடுத்திருப்பார்கள். வாந்தி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கே கொடுத்துவிடுங்கள். வந்த பிறகு நிறுத்துவதைவிட வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். கொடுத்த மருந்தைக் கக்கிவிட்டால் நீங்களாக மறுபடி கொடுக்காமல் போனில் கேளுங்கள். தாளிக்கும் வாசனையே சில பிள்ளைகளுக்குக் குமட்டும், சமைக்கும் நேரத்தில் திண்ணையில் உட்கார வையுங்கள். ஊசி போடும் நாளில் குழந்தைக்கு ரொம்பப் பிடித்த அரிசிம்பருப்பு சாதத்தைக் கொடுக்காதீர்கள், அன்று வாந்தி எடுத்தால் அப்புறம் அதைப் பார்த்தாலே வெறுத்துவிடும். இட்லி, சந்தகை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். "ஒரு வாய் வாங்கிக்க சாமி" என்று கெஞ்சித் திணிக்க வேண்டாம்.

மலச்சிக்கலைத்தான் நம் வீடுகளில் லேசாக எடுத்துக்கொள்கிறோம். ரத்தப் புற்றுநோய்க்குப் போடுகிற வின்கிறிஸ்டின் ஊசி குடலை அசைக்கும் நரம்புகளை மந்தமாக்கிவிடும், போதாததற்கு வாந்திக்குக் கொடுக்கும் அதே ஆன்டான்செட்ரானும் மலத்தை இறுக்கும். இரண்டு நாள் போகவில்லை என்றாலே டாக்டரிடம் சொல்லுங்கள், லாக்டுலோஸ் மாதிரி ஏதாவது எழுதித் தருவார். நன்றாக வெந்த காயும் கீரையும், அடிக்கடி தண்ணீரும் கொடுங்கள். அப்பத்தா விளக்கெண்ணெய் ஊற்றச் சொல்வார், வெற்றிலைக் காம்பு வைக்கச் சொல்வார். பாசத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் கூடாது. கீமோவால், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது ஆசனவாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும், அதனால் எனிமாவோ தெர்மாமீட்டரோ எதுவுமே அங்கே வைக்கக் கூடாது. வயிறு உப்பி, வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ். பொட்டலம் 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று பார்த்து, கொதித்து ஆறிய தண்ணீரில் சரியான அளவில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பொள்ளாச்சி இளநீரில் சோடியம் குறைவு, அது ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது. போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்த அணுக்கள் குறைந்த நாட்களில் புளிக்க வைத்த கம்மங்கூழ், ரோட்டோரக் கரும்பு ஜூஸ், பச்சைக் காய் எதுவும் வேண்டாம்.

வாய்ப்புண் வந்தால் மிளகாயும் புளிப்பும் ஆகாது. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் லேசான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து, மெதுவான பிரஷ்ஷில் பல் தேய்த்துவிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, நடுராத்திரி ஆனாலும் வார்டுக்கு போன் போட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று உட்கார வேண்டாம். தூரத்து ஊர் என்றால், கூப்பிட்டால் வரும் வண்டிக்காரர் ஒருவரிடம் முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள்.