மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு மீண்டும் சைக்கிள்

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி செல்லும் சாலையில் சைக்கிள் சறுக்கி, கையை ஊன்றி விழுந்ததில், பெருவிரலுக்கு அடியில் உள்ள ஸ்கேஃபாய்டு என்னும் சிறிய எலும்பு முறிந்தது. வீக்கம் அதிகமில்லை; ஆனால் பெருவிரலை விரித்தால் தோன்றும் குழியில் அழுத்தியபோது சுளீரென்று வலித்தது. முதல் எக்ஸ்ரேயில் இம்முறிவு தெரியாமல் போவதுண்டு என்பதால், மருத்துவர் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் படம் எடுத்தபோதுதான் கோடு தெரிந்தது.

இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பாய்வதால், நடுவில் முறிந்தால் முன்கையை ஒட்டிய பாதிக்கு இரத்தம் குறைந்து, எலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம். ஆகவே இத்தகைய வலியைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடவே கூடாது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் விறைத்திருந்த கையை வெதுவெதுப்பான நீரில் வைத்து மெல்ல மடக்கி நீட்டிப் பழகினேன். எலும்பு கூடியதை மருத்துவர் உறுதிசெய்த பிறகே சைக்கிளை எடுத்தேன். உடலின் பாரம் கையில் இறங்காதபடி ஹேண்டில்பாரை உயர்த்தி, மணிக்கட்டு முன்கையுடன் நேர்கோட்டில் நிற்குமாறு பிரேக் பிடியைக் கீழே சாய்த்தேன். மேடுபள்ளச் சாலைகளைத் தவிர்த்து, விடியற்காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றியே ஓட்டினேன். மறுநாளும் வலி நீடித்தால் தூரத்தைக் குறைத்துக்கொண்டேன்.