பல்கலைக்கழகக் கடல்வள ஆய்வு மையத்திற்கு நிர்வாகக் குழு அமைக்கும் முறை

பல்கலைக்கழகம் நடத்தும் இயற்கைவள ஆய்வு மையத்தை யார் நிர்வகிக்க வேண்டும் என்ற கேள்வி வந்தவுடன், யார் யாருக்கு நாற்காலி போடுவது என்ற பட்டியலைத்தான் பலரும் முதலில் எழுதத் தொடங்குகிறார்கள். அதற்கு முன், குழு எதை முடிவு செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆய்வின் முன்னுரிமை, ஆண்டு வரவுசெலவு, இயக்குநர் தேர்வு ஆகியவை குழுவின் வேலை. ஓர் ஆய்வின் முடிவு என்ன சொல்ல வேண்டும் என்பதும், அதை வெளியிடலாமா என்பதும் குழுவின் வேலை அல்ல.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. அது வனத்துறையின் பொறுப்பில் உள்ளது, 2022 முதல் ராம்சார் ஈரநிலமும்கூட (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது). வடக்கே கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் இரசாயன ஆலைகள். இடையில் மீனவ ஊர்கள். அந்த மையத்தின் இன்றைய நிர்வாகத்தை எடைபோடுவது என் நோக்கம் அல்ல; இப்படியொரு கரையில் புதிதாகக் குழு அமைத்தால் எப்படி அமைக்கலாம் என்பதையே சொல்கிறேன்.

வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் குழுவில் இடம் கொடுங்கள், மறுப்புரிமை கொடுக்காதீர்கள். இதற்குப் பிச்சாவரமே சான்று. அங்கே காடு சிதைந்ததற்கு ஆடுமாடு மேய்ப்பதும் ஊரார் விறகு வெட்டுவதுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அங்கு மேற்கொண்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: முன்பு காட்டைக் கூப்புகளாக, அதாவது மரம் வெட்டுவதற்கான பகுதிகளாகப் பிரித்துச் சுழற்சி முறையில் மொட்டையாக வெட்டியதால் வெயில் பட்ட மண் வறண்டு தாழ்ந்தது, தாழ்ந்த பள்ளத்தில் ஓத நீர் தேங்கியது, தேங்கிய நீர் ஆவியாகி உப்பேறியதால் கன்றுகள் முளைக்கவில்லை. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் ஏறி இறங்க வழிசெய்த பின், வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. சிதைவுக்குக் காரணம் நிர்வாக முறையே என்று சொல்லும் இத்தகைய ஓர் ஆய்வு, அதே நிர்வாகத்தின் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது. ஆனால் காட்டுக்குள் நுழையவும், கண்டறிந்ததைச் செயல்படுத்தவும் அத்துறையின் ஒத்துழைப்பு வேண்டும் என்பதால், அதை வெளியே நிறுத்துவதும் தவறு.

ஆலைகளின் கழிவுநீரை ஆராயும் மையத்தில் ஆலைகளுக்கு இடம் தரக்கூடாது. அவர்கள் ஆய்வுக்குப் பணம் தந்தால், அறிக்கையை முன்கூட்டிப் படித்துக் கருத்துச் சொல்ல முப்பது நாள் கொடுக்கலாம். நாள் முடிந்ததும் அறிக்கை வெளிவரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

அதிகம் யோசிக்க வேண்டியது வளத்தை நம்பி வாழ்பவர்களின் இடத்தைப் பற்றித்தான். ‘மீனவர் பிரதிநிதி ஒருவர்’ என்று எழுதினால், விசைப்படகு உரிமையாளர் ஒருவர் வந்து அமர்வார். கட்டுமரம், நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஓர் இடம், மீன் விற்கும் பெண்களுக்கு ஓர் இடம், உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு ஓர் இடம் எனத் தனித்தனியாகக் கொடுங்கள். மூவரையும் அந்தந்தக் கூட்டத்தாரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களுக்கு வாக்கும் இருக்க வேண்டும். வெறும் ‘சிறப்பு அழைப்பாளர்’ என்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கூட்டம் தமிழில் நடக்கட்டும். ஆவணங்களும் தமிழில் ஒரு வாரம் முன்பே போய்ச் சேரட்டும். மீன் இறங்கும் காலை நேரத்தையும், இருளருக்கு வேலை இருக்கும் வற்று நேரத்தையும் தவிர்த்து நேரம் குறியுங்கள். வந்தவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்டுத் திட்டக் கூட்டத்தை வைப்பது விசைப்படகுக்காரரிடம் கருத்துக் கேட்க வசதியாக இருக்கும். மற்றவர்களுக்கு அந்நாட்களும் வேலை நாட்களே.

தலைவர் பதவியைத் துணைவேந்தரிடம் கொடுப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. துணைவேந்தர் பதவி காலியாகி, ஒருங்கிணைப்புக் குழுவே பல்கலைக்கழகத்தை நடத்தும் மாதங்கள் தமிழ்நாட்டில் புதிதல்ல. அந்த மாதங்களில் மையமும் முடங்கக்கூடாது. வேறொரு பல்கலைக்கழகத்தின் மூத்த விஞ்ஞானியை மூன்றாண்டுக்குத் தலைவராக்கலாம். பதிவாளரும் நிதி அலுவலரும் உறுப்பினராக இருந்தால் போதும். ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் இருக்கட்டும். படகு என்ஜின் பழுதாகி எத்தனை நாளாகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அத்தகைய பழுதுக்கெல்லாம் கோப்பு பல்கலைக்கழகத் தலைமையகம் இருக்கும் சிதம்பரம் போய்த் திரும்பாதபடி, குறிப்பிட்ட தொகை வரை செலவிடும் அதிகாரத்தை இயக்குநரிடமே விடுங்கள்.

கடைசியாக, இவை அனைத்தையும் துணைவேந்தரின் அலுவலக ஆணையாக வெளியிட்டு நின்றுவிடாதீர்கள். அடுத்து வருபவர் ஒரு சுற்றறிக்கையில் அதை நீக்கிவிடலாம். 2013-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை அரசு ஏற்றதுபோல, தாய் நிறுவனமே கைமாறவும் கூடும். ஆகவே பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டில் வைத்துப் பல்கலைக்கழக விதியாகவே நிறைவேற்றுங்கள். உறுப்பினரை நீக்கும் முறையையும், தன் நலன் சம்பந்தப்பட்ட பொருள் வரும்போது உறுப்பினர் வெளியேற வேண்டும் என்பதையும் அதே விதியில் சேர்த்துவிடுங்கள்.