"அங்க பிலிகுண்டுலு எது?": ஏஐ உடன்பாடுகளைப் பற்றிப் பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் கல்லூரிப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்கிறேன். செயற்கை நுண்ணறிவை (ஏஐ) உலக நாடுகள் சேர்ந்து கட்டுக்குள் வைப்பது பற்றித் தலைப்பு வந்தால், நான் முன்பு செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள். தேதி, பெயர் மாறிப்போவதை விடுங்கள். ஒரு தரம் திருத்தினால் சரியாகிவிடும்.

கையெழுத்தைச் சட்டம் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஏஐ பாதுகாப்பு பற்றி ஒரு பிரகடனத்தை ஏற்றன. "உலகமே சட்டம் போட்டுவிட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். என் மாணவி அதை அப்படியே மேடையில் சொன்னாள். "மீறினால் யார் கேட்பது?" என்றார் நடுவர். பதில் தெரியாமல் நின்றாள். இறுதிச் சுற்று வாய்ப்பு போனது அவளுக்கு, தவறு என்னுடையது.

அப்புறம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். காலமெல்லாம் மதகு ஷட்டர் திருகியவர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்: "கையெழுத்து போட்டாங்க, சரி தம்பி. அங்க பிலிகுண்டுலு எது?"

காவிரிக்கு 1991 இடைக்காலத் தீர்ப்பு 205 டிஎம்சி என்றது, 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 என்றது. எண் எதுவானாலும் தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளப்பதால்தான், வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று சண்டையாவது போட முடிகிறது. பிளெட்ச்லியில் அப்படி ஓர் அளவுமானி இல்லை. 2024 மே மாதம் சியோலில் 16 ஏஐ நிறுவனங்கள் கொடுத்ததும் தாமாக முன்வந்து கொடுத்த வாக்குறுதிதான். 2025 பாரிஸ் ஏஐ மாநாட்டு அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்தே போடவில்லை.

ஆகவே எந்த ஆவணத்தை எடுத்தாலும் எதை, யார் அளக்கிறார்கள் என்று முதலில் தேடச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில் அது இருக்கிறது. ஓர் ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கச் செய்த கணக்கீடுகள் 10-இன் 25-ஆம் அடுக்கைத் தாண்டினால், நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் அது அந்த ஒன்றியத்தின் சட்டம், உலகத்துடையது அல்ல. 2024 செப்டம்பரில் ஐரோப்பியக் கவுன்சில் (ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) கையெழுத்துக்குத் திறந்த ஏஐ உடன்படிக்கை, அதை முறைப்படி ஏற்கும் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். அதிலும் தேசியப் பாதுகாப்புக்கு விலக்கு உண்டு. மேடையேறும் பிள்ளை அந்த விலக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சீனா சேரவே இல்லை என்பது

பிளெட்ச்லியில் சேர்ந்தது.

இந்தியாவை மறப்பது

பாரிஸ் மாநாட்டுக்குப் பிரான்சுடன் இணைத் தலைமை இந்தியாதான்.

"அணுசக்தி முகமை மாதிரி ஒன்று போதும்"

அந்தச் சர்வதேச முகமை கண்காணிக்கும் யுரேனியத்தை எடை போடலாம். ஏஐ மாடல் என்பதோ ஒரு கணினிக் கோப்பு. நகல் எடுத்தால் மூலம் குறையாது, எடை போட்டுப் பிடிக்க முடியாது.