உடைக்காமலே பழைய பாத்ரூமைப் புதுசாக்கலாம்: ₹13,000இல் நான் செய்தது

எங்கள் வீடு ஆவடி பக்கம், 1993இல் அப்பா கட்டியது. பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. சுவரில் நாலடி உயரத்துக்கு எட்டங்குல வெள்ளை டைல்ஸ், தரையில் சொரசொரப்பான சாம்பல் டைல்ஸ், மேலே ஒரு பரண், ஒரு லூவர் ஜன்னல். முப்பது வருஷமாகப் போர்த் தண்ணீர் பட்டுப்பட்டு, குழாயெல்லாம் வெள்ளை பூத்து, சுவர் எந்த நிறம் என்றே தெரியாமல் ஆகிவிட்டது. ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம், மொத்தத்தையும் உடைத்துச் செய்ய ₹90,000 கேட்டார். அந்தச் சமயத்தில் அவ்வளவு பணம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, அழுக்கேறி வழுக்குகிற தரையையும் ஒழுகுகிற குழாயையும் அப்படியே விடவும் மனசு வரவில்லை.

ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். டைல்ஸ் ஒன்றுகூட விரிசல் விட்டிருக்கவில்லை. அசிங்கமாகத் தெரிந்ததெல்லாம் அதன் மேல் படிந்த உப்பு, இடுக்கில் கறுத்துப்போன சிமெண்ட், துருப்பிடித்த குழாய், போதாத வெளிச்சம். இந்த நாலையும் உடைக்காமலே சரி செய்யலாம். உங்கள் பாத்ரூமும் அப்படித்தான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அது இருந்தால் மற்றச் செலவு எல்லாமே வீண். தரையில் தண்ணீர் போகிற நஹானி ட்ராப்பைத் துணியைச் சுருட்டி இறுக்கமாக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். ஓரிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை, காற்றில் போவது. நன்றாக இறங்கியிருந்தாலோ, வெளிச்சுவரிலோ கீழ்வீட்டுக் கூரையிலோ ஈரம் பூத்தாலோ, இதை இங்கேயே நிறுத்திவிட்டு வாட்டர்ப்ரூஃபிங் செய்ய ஆளைத் தேடுங்கள். ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று பார்க்க இன்னும் சுலபமான வழி உண்டு. இரவு படுக்கப் போகும்போது டேங்குக்குள் நாலைந்து சொட்டு நீலம் விட்டுவிடுங்கள், துணிக்குப் போடுகிற அதே நீலம்தான். ஃப்ளஷ் பண்ணாமலே காலையில் க்ளோசெட் தண்ணீர் நீலமாகியிருந்தால், உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது உப்பு. எல்லோரும் கடைக்குப் போய் ஆசிட் வாங்கி ஊற்றுவார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போர்த் தண்ணீர் விட்டுப் போகிற வெள்ளைப் படிவம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரையும், அது உண்மைதான். ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டையும் அதே வேகத்தில் தின்றுவிடும், குழாயின் பளபளப்பையும் எடுத்துவிடும். எங்கள் வீட்டு இடுக்கெல்லாம் பள்ளமானதற்கு வருஷக்கணக்கில் ஊற்றிய ஆசிட்தான் காரணம். ஆசிட் ஊற்றிய இடத்தில் யாராவது ப்ளீச்சிங் பவுடரையும் போட்டுவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அதற்குப் பதில் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கேளுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கரைத்தால் போதும். பழைய பனியன் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் துடைத்தால் உப்பு சோறு மாதிரிக் கையோடு வரும். சுவருக்குப் பிரஷ்ஷால் தடவி இருபது நிமிஷம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும், தடித்த இடத்தில் இரண்டு மூன்று முறை. இதுவும் அமிலம்தான், சிமெண்டைக் கொஞ்சம் அரிக்கும், அதனால் ஜாயிண்ட் அடைப்பதற்கு முன்னால் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். மொசைக் தரையாகவோ மார்பிளாகவோ இருந்தால் எலுமிச்சை உப்பும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் மட்டும் போதும்.

சுத்தம் செய்கிற அன்றே லூவர் கண்ணாடிகளைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு பட்டையும் பக்கவாட்டில் இழுத்தால் வரும். எங்கள் ஜன்னலில் ஆறு பட்டை, இரண்டு உடைந்து அட்டை செருகியிருந்தது. ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்க் கண்ணாடிக் கடையில் காட்டி அதே அளவில் இரண்டு வெட்டி வாங்கியதில் ₹240 ஆனது. மிச்ச நாலையும் கழுவித் திரும்ப மாட்டினேன். அன்று மாலை நாலு மணிக்கு லைட் போடாமலே பாத்ரூமில் வெளிச்சம் இருந்தது, அம்மா அதைத்தான் முதலில் கவனித்தார்.

இனி ஜாயிண்ட். இருக்கிற வேலையிலேயே பொறுமை அதிகம் கேட்பது இதுதான், கண்ணுக்கு அதிகமாகத் தெரிவதும் இதுதான். பழைய ஆக்சா பிளேடை இரண்டாக உடைத்து, பிடிக்கிற பக்கம் துணி சுற்றி, இடுக்கில் வைத்து நேராக இழுத்துக்கொண்டே போக வேண்டும். கறுத்துப்போன மேல்பகுதி மாவாக உதிரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் எடுத்தால் போதும், அதற்குக் குறைந்தால் புதிதாக வைப்பது பிடிக்காமல் உரிந்து வந்துவிடும். பிளேடு சாய்ந்தால் டைல்ஸின் ஓரம் சில்லு விடும், அதனால் அவசரப்படாதீர்கள். எனக்குத் தரைக்கு ஒரு நாள், சுவருக்கு ஒன்றரை நாள் ஆனது. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தூசியை எடுத்து, கழுவி, முழுசாக ஒரு நாள் காய விடுங்கள். ஈரம் இருந்தால் அடுத்து வைக்கப்போகிற எபாக்ஸி என்கிற பிசின் கலவை ஒட்டாது.

இடுக்கை அடைக்கிற கலவைக்குத்தான் கிரவுட் என்று பெயர். எபாக்ஸி கிரவுட் விலை அதிகம், சாதாரண சிமெண்ட் கிரவுட் கிலோ ₹80க்கே கிடைக்கும். பணத்தை மிச்சம் பிடிக்க நான் செய்தது இது: தரைக்கும், சுவரில் கீழிருந்து மூன்று வரிசைக்கும் எபாக்ஸி, அதற்கு மேலே சிமெண்ட் கிரவுட். தண்ணீர் தேங்குவதும் தெறிப்பதும் கீழேதானே. இரண்டு கிலோ எபாக்ஸி ₹1,300க்கு வாங்கினேன், கொஞ்சம் மிஞ்சியது. இரண்டுமே ஒரே சாம்பல் நிறம். வெள்ளை வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் பழுப்பாகிவிடும், தவிர வெள்ளை டைல்ஸுக்கு நடுவே சாம்பல் கோடு ஓடினால் வேண்டுமென்றே அப்படிச் செய்த மாதிரி நன்றாக இருக்கிறது.

எபாக்ஸியைக் கலக்கும்போது மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்கக் கூடாது. கலந்த முக்கால் மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும், வெயில் காலத்தில் அதற்கும் முன்னாலேயே. டப்பாவில் போட்டிருக்கிற விகிதத்தைச் சமையலறைத் தராசில் எடை போட்டு, கால்வாசி கால்வாசியாகக் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, ரப்பர் பட்டையால் இடுக்குக்குக் குறுக்காகச் சாய்த்து அழுத்துங்கள். கோட்டோடு நேராக இழுத்தால் வைத்ததையே வாரிக்கொண்டு வந்துவிடும். நாலடி நீளம் முடிந்ததும் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். டைல்ஸ் மேல் மெல்லிய பால் ஏடு மாதிரி ஒரு படலம் மிஞ்சும், அதையும் அன்றே துடைத்துவிடுங்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையை மறந்துவிட்டேன், மறுநாள் அந்த ஒரு சதுர அடியைச் சுரண்டுவதற்குள் கை வீங்கிவிட்டது. முடித்த பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, எங்களுக்கு மாடி வீட்டுக்காரர்கள் அவர்கள் பாத்ரூமைக் கொடுத்தார்கள். நீங்களும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டு தொடங்குங்கள்.

குழாய் மாற்றுவது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். சிபிவிசி (பிளாஸ்டிக் பைப்) லைன் என்றால் எளிதுதான். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) லைன் என்றால் யோசித்துத் தொடுங்கள். மேல் டேங்க் கேட் வால்வை மூடி, பழைய குழாயை இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும் என்று நினைத்து ரெஞ்சு போட்டேன். முதல் குழாய் வந்தது. இரண்டாவது அசையவில்லை, பலமாக அழுத்தினேன், மொடுக் என்று ஒரு சத்தம். சுவருக்குள்ளே துருப்பிடித்திருந்த நிப்பிள் (குழாயை இணைக்கிற மரை போட்ட சின்னப் பைப் துண்டு) முறிந்து பாதி எல்போவிலேயே, அதாவது பைப் வளைகிற இணைப்பிலேயே, தங்கிவிட்டது. பிளம்பர் வந்து பார்த்து, "இத பலமா திருகக் கூடாது சார், முன்னாடியே என்ன கூப்பிட்டிருக்கலாம்ல" என்றார். ஒரு டைலை எடுத்து எல்போவை மாற்றி ₹1,000 வாங்கினார். அதனால் சொல்கிறேன், ஓரளவு அழுத்தியும் அசையாத குழாயை விட்டுவிடுங்கள். ஒழுகலுக்குக் குழாயையே மாற்ற வேண்டும் என்று இல்லை, கைப்பிடியைக் கழற்றி உள்ளே இருக்கிற ஸ்பிண்டிலையோ வாஷரையோ மட்டும் மாற்றலாம். இன்னொன்று, கேட் வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்பதை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பழைய வால்வு பாதியில் நின்றுவிட்டால் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும்.

புதுக் குழாய் பித்தளையில் வாங்குங்கள், கையில் எடுத்தாலே கனம் தெரியும். பெரும்பாலும் அரை அங்குல மரைதான் வரும். டெஃப்ளான் டேப்பை மரையின் முனை உங்களைப் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு கடிகார முள் போகிற திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கையால் இறுகும் வரை திருகிவிட்டுக் கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் ரெஞ்சு போடுங்கள். ரெஞ்சின் வாய்க்குத் துணி வைத்தால் குழாயில் கீறல் விழாது. வாஷ்பேசின் குழாய், இரண்டு ஆங்கிள் காக், ஹெல்த் ஃபாசட், ஹோஸ் எல்லாம் சேர்த்து ₹3,600. ஃப்ளஷ் டேங்கின் உள்சாமான் தனி செட்டாகக் கிடைக்கிறது, பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் அதே மாதிரி வாங்கினால் போதும், டேங்கையே மாற்ற வேண்டியதில்லை. அதோடு புது சீட் கவரும் சேர்த்து ₹1,200.

டைல்ஸுக்கு மேலே இருக்கிற சுவரிலும் கூரையிலும் பூஞ்சை கறுத்திருந்தால் அதன் மேலேயே பெயிண்ட் அடிக்காதீர்கள், மூன்று மாதத்தில் மறுபடி வந்துவிடும். பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி, ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு (எலுமிச்சை உப்பு போட்ட அன்று இதைச் செய்யாதீர்கள்), பிரைமர் ஒரு கோட், வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் இரண்டு கோட். இன்னும் மலிவாக வேண்டுமென்றால் நம் ஊர்ச் சுண்ணாம்பே நல்லது, அதன் காரத்தன்மையில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்காது. டைல்ஸ் மேலே ஒட்டுகிற ஸ்டிக்கரை மட்டும் வாங்காதீர்கள். வாங்கின புதிதில் அழகாக இருக்கும், தண்ணீர் படுகிற இடத்தில் ஓரம் கிளம்பி, உள்ளே அழுக்குச் சேர்ந்து, உரிக்கும்போது பசை டைல்ஸிலேயே தங்கிவிடும்.

கண்ணாடி, அலமாரி, கைப்பிடி எல்லாம் மாட்டத் துளை போட வேண்டும். துளைக்கிற இடத்தில் செல்லோ டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டிரில்லிங் மெஷினில் ஹாமர் மோடை அணைத்துவிட்டு, டைல்ஸ் பிட் போட்டு மெதுவாகத் தொடங்கி, டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வந்த பிறகு ஹாமர் போடலாம். குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், பைப் அந்த வழியாகத்தான் போகும். க்ளோசெட் பக்கத்தில் அம்மாவுக்காக ஸ்டீல் கைப்பிடி வைத்தேன். எந்த உயரத்தில் என்று நானே முடிவு செய்யாமல் அவரையே உட்கார வைத்து, எழுந்திருக்கும்போது கை எங்கே போகிறது என்று பார்த்து அங்கே பென்சிலால் குறித்தேன். டைல்ஸைத் தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் கேட்டால் அந்த இடம் வேண்டாம். இரண்டு அங்குல ஸ்க்ரூ, நல்ல பிளக். மாட்டிய பிறகு என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் அவரைப் பிடிக்கவிட்டேன்.

மின்சாரத்தை மட்டும் நீங்களே தொடாதீர்கள். பல்பு மாற்றலாம், அவ்வளவுதான். ஹீட்டர் இருக்கிற பாத்ரூமில் எர்த் சரியாக இருக்கிறதா, மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் எர்த் ஒயர் பாதியிலேயே விட்டுப்போயிருந்தது, ₹600இல் சரி செய்தார். இந்தியன் க்ளோசெட்டை வெஸ்டர்னாக மாற்றுவதும், தரை டைல்ஸை எடுப்பதும் அனுபவம் உள்ள ஆள் செய்ய வேண்டிய வேலைதான்.

கடைசியாக வாஷ்பேசின் சுவரைத் தொடுகிற இடத்திலும், க்ளோசெட்டின் அடியைச் சுற்றியும் சிலிகான் (தண்ணீர் புகாமல் அடைக்கிற பசை). அடித்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு சுத்தமாக வரும், ஒரு நாள் காயவிட வேண்டும்.

மொத்தச் செலவு ₹13,000. அதில் குழாய் வகை ₹3,600, கிரவுட்டும் சிலிகானும் ₹1,780, ஃப்ளஷ் சாமானும் சீட்டும் ₹1,200, பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் ₹1,600. மிச்சம் ₹4,820 கண்ணாடி, பெயிண்ட், கைப்பிடி, பல்பு, நஹானி ஜாலி, கதவின் அடியில் அடித்த அலுமினியத் தகடு என்று போனது. மரக்கதவின் கீழ்ப்பகுதி ஊறிப்போய்விட்டது, தகடு இன்னும் ஓரிரு வருஷம் தாங்கும். அடுத்து கையில் பணம் சேர்ந்ததும் முதல் வேலை பிவிசி கதவுதான், அதற்கான அளவை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.