பழைய ஜெர்மன் படங்களில் சிறுவனின் இடுப்பைப் பார்த்துக் காலம் கணிப்பது எப்படி?

ஜெர்மனியின் பழம்பொருள் சந்தைகளில் ஷூ பெட்டி நிறையப் பழைய குடும்பப் படங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலானவற்றின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பெயர் இல்லை, ஆண்டு இல்லை. அப்படிப்பட்ட ஒரு படத்தை எடுத்தால் நான் முகத்துக்கு முன்னால் இடுப்பைத்தான் பார்ப்பேன். அந்தச் சிறுவனின் கால்சட்டையை எது பிடித்து நிறுத்துகிறது என்று தெரிந்துவிட்டால் காலத்தில் பாதி பிடிபட்டுவிடும். இதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு பூதக்கண்ணாடியும் மெல்லிய முனைப் பென்சிலும் போதும். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் நல்லது.

முதல் படி: உடம்பைக் கவனியுங்கள்

ஐந்து வயதுப் பையனுக்கு வயிறு முன்தள்ளி இருக்கும், இடுப்பில் வளைவு இருக்காது. பெல்ட் கட்டி ஓடவிட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் கால்சட்டை இறங்கிவிடும். இடுப்பில் நிற்காததைத் தோளில் தொங்கவிட வேண்டும். ஜெர்மன் அம்மாக்களும் தையல்காரர்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் செய்தது இதைத்தான். எடையைத் தோளுக்குக் கொண்டுபோகும் வழி மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. நாம் தேடப்போவதும் அந்த வழியைத்தான்.

இரண்டாம் படி: இடுப்பைச் சுற்றிப் பொத்தான் வரிசை இருக்கிறதா?

இருந்தால், கால்சட்டை மேல்சட்டையோடு பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 1780களிலிருந்து 1820கள் வரை ஐரோப்பா முழுக்க வசதியான வீட்டுப் பையன்கள் இப்படித்தான் உடுத்தினார்கள். குட்டைச் சட்டையின் கீழ் விளிம்பில் பொத்தான், மார்புக்குச் சற்றுக் கீழே வரை ஏறும் நீளக் கால்சட்டையில் காஜா. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல்தான் என்பதால் இந்த உடையை ஓவியங்களில்தான் பார்ப்பீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே உத்தி சின்னக் குழந்தைகளுக்குத் திரும்பி வந்தது. கால்சட்டையின் நீளத்தைப் பாருங்கள். கணுக்கால் வரை இருந்தால் பழையது. தொடையோடு நின்றால் புதியது.

மூன்றாம் படி: இடுப்பே தெரியவில்லையா?

அப்படியானால் அது பெரும்பாலும் மாலுமி உடை. 1846இல் விக்டோரியா அரசியின் மகன் மாலுமி உடையில் நிற்பதை வரைந்தவர் ஃபிரான்ஸ் சேவர் வின்டர்ஹால்டர். கருங்காட்டுப் பகுதியில் பிறந்த ஜெர்மன்காரர். அதன்பின் ஜெர்மன் பேரரசின் காலத்தில் அந்த உடை வீட்டுக்கு வீடு பரவியது. கடற்படைத் துறைமுகமான கீல் நகரத்தின் பெயரால் ‘கீலர் உடை’ என்றே அதை அழைத்தார்கள். தொளதொளவென்ற மேல்சட்டை இடுப்பை மூடிவிடும். கவலை வேண்டாம், கண்ணைக் கீழே இறக்குங்கள்.

நான்காம் படி: காலுறை எங்கே முடிகிறது?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

அரைக்கால் சட்டைக்குள்ளே காலுறை ஏறி மறைந்துவிட்டால், உள்ளே ‘லைப்ஷென்’ இருக்கிறது. உடம்பைக் குறிக்கும் ‘லைப்’ என்ற சொல்லின் செல்ல வடிவம் இது. சின்ன உடம்பு என்பதுபோல. கையில்லாத, இறுக்கமான ஒரு உள்சட்டை. கனத்த பருத்தித் துணியில் தைத்தும் இருக்கும், நூலில் பின்னியும் இருக்கும். ஆண் பெண் இரு குழந்தைகளுக்கும் உண்டு. இடுப்பைச் சுற்றி உள்ள பொத்தான்களில் கால்சட்டையைப் பூட்டலாம். அதே லைப்ஷெனின் பக்கவாட்டில் இரண்டு எலாஸ்டிக் நாடாக்கள் தொங்கும். அவை காலுறைக்கு.

அந்த நாடாவைக் கிட்டத்தில் பாருங்கள். அதன் நடுவே வரிசையாக ஓட்டைகள் இருக்கும். நெய்யும்போதே விட்ட காஜாக்கள். காலுறையின் மேல் விளிம்பில் அம்மா ஒரு பொத்தானைத் தைத்திருப்பார். நாடாவின் ஏதாவது ஒரு ஓட்டையில் அதை மாட்டினால் காலுறை நிற்கும். பையன் வளர வளர ஒவ்வொரு ஓட்டையாகக் கீழே இறங்க வேண்டியதுதான்.

பெரும்பாலான லைப்ஷென்களுக்குப் பொத்தான் முதுகுப்புறம். பையன் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. காலையில் அக்காவோ அம்மாவோ பின்னால் நின்று பூட்டிவிட வேண்டும். உள்ளே அரிக்கும் கம்பளிக் காலுறை வேறு. அதை அணிந்து வளர்ந்த தலைமுறையினரிடம் கேட்டால் முதலில் அந்த அரிப்பைத்தான் சொல்வார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1950களின் இறுதிவரை லைப்ஷென் பரவலாக வாழ்ந்தது. இடுப்போடு சேர்ந்த முழுக் காலுறை குழந்தைகளுக்கு வந்தபின் சில ஆண்டுகளிலேயே காணாமல் போய்விட்டது. எனவே நீளக் காலுறையோடு நாடா தெரிந்தால், படம் பெரும்பாலும் 1960களுக்கு முந்தையது என்று எழுதலாம்.

ஐந்தாம் படி: தோள்வாரின் வடிவம்

தோளில் வார் வெளியே தெரிகிறதா? ஜெர்மனில் ‘ஹோசன்ட்ரேகர்’, அதாவது கால்சட்டைச் சுமப்பான். பின்பக்கத்தில் எக்ஸ், ஒய் வடிவங்களில் சேரும் வார்கள் பெரியவர்களுக்கும் உண்டு. அவற்றை வைத்துக் காலம் சொல்வது கடினம். முன்பக்கம் மார்பில் குறுக்குப் பட்டை போட்டு ஆங்கில எச் எழுத்துபோல இருந்தால்தான் நமக்கு வேலை. குழந்தையின் தோள் ஒடுங்கியது, சரிவானது. தனி வார் இரண்டு பக்கமும் நழுவும். குறுக்குப் பட்டை அவற்றை இழுத்துப் பிடிக்கிறது.

தோல் கால்சட்டையான ‘லேடர்ஹோசே’யின் அடையாளம் இந்தப் பட்டைதான். அதன் நடுவில் மான் அல்லது எடெல்வைஸ் பூ இருக்கும். தையல் வேலையாகவோ, கொம்புபோலத் தோன்றும் சின்ன வில்லையாகவோ. கால்சட்டையின் முன்னால் பொத்தான் போட்ட மடிப்புக் கதவு ஒன்று உண்டு. பின் இடுப்பில் தோல் கயிறு கோத்திருப்பார்கள். பையன் பெருத்தால் தளர்த்தலாம். தோலைத் துவைப்பதில்லை, அது கறுத்துப் பளபளக்கப் பளபளக்கத்தான் பையனுக்குப் பெருமை.

மலைநாட்டு உழைப்பாளிகளின் இந்த உடை மறைந்துவிடக் கூடாது என்று 1883இல் பவேரியாவின் பைரிஷ்ட்செல் ஊரில் யோசஃப் ஃபோகல் என்ற ஆசிரியர், அதற்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அப்புறம் இருபதாம் நூற்றாண்டில் பவேரியாவைத் தாண்டி வடக்கேயும் இது சிறுவர்களின் அன்றாட உடையாகிவிட்டது. கிழியாது, அண்ணனுக்குப் பின் தம்பி போடலாம். ஆகவே தோல் கால்சட்டையைக் கண்டதும் பவேரியா என்று எழுதிவிடாதீர்கள்.

ஆறாம் படி: பெல்ட்

சற்றுப் பெரிய பையன்களிடம் பெல்ட் வந்த கதை பள்ளிக்கூடத்துக்கு வெளியே தொடங்குகிறது. 1901இல் பெர்லினை ஒட்டிய ஸ்டெக்லிட்ஸில் ‘வான்டர்ஃபோகல்’ என்ற நடைப்பயண இயக்கம் பிறந்தது. 1909 வாக்கில் சாரணர் இயக்கமும் வந்தது. அரைக்கால் சட்டை, திறந்த கழுத்து, பெல்ட் என்று ஒரு வெளிப்புறத் தோற்றம் உருவானது. பெல்ட் போட்ட பையன் குழந்தை இல்லை என்று அர்த்தம்.

அந்த ஆசையை நாஜிகள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஹிட்லர் இளைஞர் படையின் சீருடையில் உலோகத் தகடு வைத்த பெல்ட் உண்டு. ‘இரத்தமும் மானமும்’ என்ற வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். 1939இல் சேர்க்கை கட்டாயமானது. ஆகவே பெல்ட் தெரிந்தால் பக்கிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். தகடு தெளிவாக இருந்தால் காலம் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளையின் வயிற்றில் அந்தத் தகட்டைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கும். இன்னொன்று: ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். வரலாற்று விளக்கத்துக்கு விலக்கு உண்டு என்றாலும், விளக்கம் எதுவும் இல்லாமல் இணையத்தில் படத்தை மட்டும் ஏற்ற வேண்டாம்.

ஏழாம் படி: போருக்குப் பின்

1950களில் ஜீன்ஸ் வந்தது. உலோக ஆணி அடித்ததால் ஜெர்மன்காரர்கள் அதற்கு ‘நீட்டன்ஹோசே’ என்று பெயர் வைத்தார்கள். ஜீன்ஸைக் கொண்டுவந்த லீவை ஸ்ட்ராஸ் 1829இல் பவேரியாவின் புட்டன்ஹைமில் பிறந்தவர். 1873இல் காப்புரிமை பெற்ற அந்தக் கால்சட்டையிலும் முதலில் தோள்வார்ப் பொத்தான்களே இருந்தன. பெல்ட் நுழைக்கும் வளையம் 1922இல்தான் சேர்ந்தது. இடுப்பில் வளையமும் பெல்ட்டும் தெரியும் ஜீன்ஸ் சிறுவன் என்றால் பெரும்பாலும் 1950களோ அதற்குப் பிந்தையதோ.

இப்போது ஒரு படத்தில் செய்து பார்ப்போம்

என்னிடம் உள்ள ஒரு படம், ஓரம் அலை அலையாக வெட்டியது. முதல் நாள் பள்ளிக்குப் போகும் பையன். இனிப்பு நிரப்பிய பெரிய காகிதக் கூம்பை இரு கையாலும் அணைத்திருக்கிறான். கூம்புக்கு மேலே குறுக்குப் பட்டையில் பாதி மான் தெரிகிறது. லேடர்ஹோசே. தோல் மங்கலாக இருக்கிறது, இடுப்பு உடம்பைவிட்டு விலகி நிற்கிறது. வளரட்டும் என்று பெரிதாக வாங்கியிருக்கிறார்கள். கீழே நீளக் காலுறை, இடது முழங்காலில் சுருங்கியிருக்கிறது. கால்சட்டை விளிம்புக்கும் காலுறைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தொடை, அதன் மேல் ஓட்டை போட்ட நாடா. ஆக, கால்சட்டையைத் தோள்வாரும் காலுறையை லைப்ஷெனும் சுமக்கின்றன.

முதலில் நான் 1930கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் உடை எப்போதும் “இதற்கு முன் இல்லை” என்பதைத்தான் உறுதியாகச் சொல்லும். “இதற்குப் பின் இல்லை” என்பதில் நழுவும். 1939 நவம்பரில் துணிக்கே ரேஷன் அட்டை வந்துவிட்ட நாடு அது. அண்ணன் போட்டதைத் தம்பி பத்து ஆண்டு கழித்தும் போட்டிருப்பான். தோல் கால்சட்டை புதிது என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. லைப்ஷென் பழையதாக இருக்கலாம். அதனால் முடிவை அகலமாகவே வைத்தேன்.

படத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, அழுத்தாமல், பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். நான் எழுதியது இவ்வளவுதான்: “1930–1958. பள்ளி முதல் நாள். எச் வார், மான். லைப்ஷென் நாடா இடது தொடையில்.”