கணக்கு மென்பொருளில் எச்202 பிழையா? வயரில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள்

பெரும்போக அறுவடை தொடங்கி நெல் மூடைகள் ஆலை வாசலில் அடுக்கப்படுகிற மாசி, பங்குனியில்தான் வன்னியில் குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கொம்பியூட்டரில் திறந்திருக்கும். தராசடியில் ஒருவர் நிறை பதிவார், ஒபிஸில் ஒருவர் பற்றுச்சீட்டு போடுவார், உள்ளே முதலாளி யாருக்கு எவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் தராசடிக் கொம்பியூட்டரில் 'எச்202' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். கணக்கு பைல் திறக்காது. வெளியே உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்.

உடனே ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: "தம்பி, குவிக்புக்ஸ் பழுதாப் போச்சு, ஒருக்கா வந்து திரும்பப் போட்டுத் தாங்கோ." மென்பொருளை அழித்துத் திரும்பப் போடுவதுதான் இதற்கு மருந்து என்று பலரும் நம்புகிறார்கள். அரை நாள் அதிலேயே போய்விடும், அடுத்த நாள் காலையில் அதே பிழை திரும்ப வரும். ஏனென்றால் மென்பொருளில் பழுது ஒன்றும் இல்லை. எச்101, எச்202, எச்303, எச்505 ஆகிய நான்கும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றைத்தான்: பைல் வேறொரு கொம்பியூட்டரில் இருக்கிறது, அந்தக் கொம்பியூட்டரை என்னால் அடைய முடியவில்லை. ஆகவே தேட வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பாதையை.

இங்கே சொல்லப்போவது குவிக்புக்ஸ் டெஸ்க்டொப் பாவிக்கிறவர்களுக்கானது. டாலி என்ற மற்றக் கணக்கு மென்பொருளைப் பாவிக்கிறவர்களும் முதல் பாதியை அப்படியே செய்யலாம், வயரும் ரவுட்டரும் எல்லா மென்பொருளுக்கும் பொதுதானே.

தொடங்க முதல்

கணக்கு பைல் இருக்கிற கொம்பியூட்டரை மெயின் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அங்கே போய் பைலைத் திறந்து பாருங்கள். மெயினிலும் திறக்கவில்லை என்றால் இது நெட்வேர்க் பிரச்சினை இல்லை, பைலிலோ டிஸ்க்கிலோ ஏதோ இருக்கிறது. இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு, எதையும் தொடாமல் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். மெயினில் திறக்கிறது, மற்றவற்றில்தான் இல்லை என்றால், ஒரு பக்கப் பிரதி எடுத்துப் பென் டிரைவில் போட்டு லாச்சிக்குள் வையுங்கள். இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஒரு போகத்துக் கொள்வனவுக் கணக்கு முழுக்க அந்த ஒரு பைலில்தான் இருக்கிறது.

வயரும் விளக்கும்

மெயினின் பின்பக்கம் நெட்வேர்க் வயர் செருகியிருக்கிற துவாரத்தைக் குனிந்து பாருங்கள். பச்சையோ செம்மஞ்சளோ சின்ன விளக்கு எரிய வேண்டும், ஒன்று மினுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் அணைந்திருந்தால் மேலே எதைச் செய்தும் பயனில்லை. வயரின் மறுமுனையை ரவுட்டரின் வேறொரு துவாரத்தில் செருகிப் பாருங்கள், வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். ஆலைகளில் நான் அடிக்கடி காண்பது, செருகியின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, வயர் இருப்பதுபோல இருக்கும் ஆனால் அரை மில்லிமீற்றர் வெளியே வந்திருக்கும். துவாரத்துக்குள் தவிட்டுத் தூசு மாவாகப் படிந்திருக்கும். ஒரு மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். எலி கடித்த வயரை டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஒபிஸிலிருந்து தராசடிவரை வயர் இழுத்திருந்தால் நீளத்தையும் கவனியுங்கள். இந்த வயருக்கு எல்லை 100 மீற்றர், அதற்கு மேல் போனால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது, அந்தச் 'சில நேரம்'தான் ஆளைக் கொல்லும். வெளியே வெயிலில் கிடக்கிற சாதாரண வயரின் தோலும் வெடித்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிறகு பிழை தொடங்கியிருந்தால், ரவுட்டரின் துவாரங்களில் ஒன்றிரண்டு மின்னலில் செத்திருக்கலாம். ரவுட்டர் எரிகிறது, இன்டர்நெட்டும் வருகிறது, ஆனால் அந்தத் துவாரம் மட்டும் வேலை செய்யாது என்பது நடக்கக்கூடியதுதான்.

கணக்கு வேலைக்கு வைஃபை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு விநாடி அறுந்தால் யூடியூப் சமாளித்துவிடும், கணக்கு பைல் சமாளிக்காது. பைல் பழுதாகவும் இடமிருக்கிறது.

ஒரே நெட்வேர்க்கில்தான் இருக்கிறீர்களா?

இன்டர்நெட் அறுந்ததும் பில் போடும் பிள்ளை தன் லப்டொப்பைக் கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணைத்துவிடுவார். இன்டர்நெட் வந்துவிடும், கணக்கு போய்விடும். மெயின் ரவுட்டரில் இருக்க, லப்டொப் தொலைபேசியில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வழியே இல்லை. உங்கள் பைல் உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறது, அதை அடைய இன்டர்நெட் தேவையில்லை. ரவுட்டரில் கரண்ட் இருந்தால் போதும். அதனால்தான் சொல்கிறேன், யூபிஎஸ்ஸில் மெயினை மட்டும் போடாமல் ரவுட்டரையும் வயர்களைப் பிரித்துக் கொடுக்கிற நெட்வேர்க் சுவிச்சையும் சேர்த்துப் போடுங்கள். கரண்ட் போனால் மெயின் உயிரோடு இருந்தும் பாதை செத்துவிடுகிறது. ரவுட்டரில் 'கெஸ்ட்' என்ற பெயரில் வருகிற வைஃபையிலும் இணைக்க வேண்டாம், அது கொம்பியூட்டர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பதற்கென்றே உள்ளது.

பிங் அடித்துப் பாருங்கள்

மெயினில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சி.எம்.டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் 'ஹோஸ்ட்நேம்' என்று அடித்தால் கொம்பியூட்டரின் பெயர் வரும், 'ஐபிகொன்ஃபிக்' என்று அடித்தால் நெட்வேர்க்கில் அதன் எண் முகவரியான ஐபிவி4 முகவரி வரும், 192.168.1.50 என்பதுபோல. இரண்டையும் ஒரு துண்டில் எழுதுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் மெயினுக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, திரும்ப வயருக்குப் போங்கள்.

இப்போது பிழை வருகிற கொம்பியூட்டரில் அதே கறுப்புத் திரையைத் திறந்து, பிங் (மெயின் பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கிற கட்டளை) என்று அடித்து இடைவெளி விட்டு அந்த முகவரியை அடியுங்கள். 'ரிப்ளை ஃப்ரொம்' என்று நான்கு வரி வந்தால் பாதை திறந்திருக்கிறது. 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' அல்லது 'அன்ரீச்சபிள்' வந்தால் அடைபட்டிருக்கிறது, அல்லது மெயின் பதில் சொல்ல மறுக்கிறது. அப்புறம் முகவரிக்குப் பதிலாக மெயினின் பெயரைக் கொடுத்து இன்னொரு முறை அடியுங்கள். முகவரிக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கோளாறு பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பதில் மறுக்கப்படுவதற்கு அதிகம் காரணமாக இருப்பது ஒன்று. ரவுட்டரை மாற்றியதும் விண்டோஸ் அதைப் புதிய நெட்வேர்க் என்று நினைத்து 'பப்ளிக்' என்று குறித்துவிடும், பஸ் நிலைய வைஃபையில் இருப்பதாக எண்ணிக் கதவையெல்லாம் பூட்டிக்கொள்ளும். மெயினில் செட்டிங்ஸ் போய், நெட்வேர்க் பகுதியில், ஈதர்நெட்டைத் தட்டி, 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். மற்றக் கொம்பியூட்டர்களிலும் இதையே செய்யுங்கள். மெயின் தூங்கப் போகிறதா என்றும் பாருங்கள்: மின்சக்தி அமைப்பில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பிழை வருகிற கடைகளில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

பிங் சரி என்றால் அடுத்த சோதனை. விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் அழுத்தி, இரண்டு பின்சாய்கோடு போட்டு மெயினின் பெயரை அடியுங்கள். பகிர்ந்திருக்கிற போல்டர் தெரிய வேண்டும், அதற்குள் போய் ஒரு சின்ன நோட்பேட் பைலை உருவாக்கி அழிக்கவும் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் மெயினில் அந்தப் போல்டரின் பகிர்வு அனுமதியில் வாசிக்க மட்டும் விட்டிருக்கிறார்கள், எழுதவும் விடுங்கள். முடிந்தால் விண்டோஸ் பக்கம் எல்லாம் சரி, மிச்சம் முழுக்க குவிக்புக்ஸின் சொந்த விஷயம். டாலிக்காரர்கள் இங்கே வரை வந்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும், ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் டேட்டா பாதை இதே போல்டரைக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

யார் மெயின் என்பதில் குழப்பம்

குவிக்புக்ஸில் பைலைப் பகிர்ந்து கொடுக்கிற வேலையை மெயின் ஒன்றுதான் செய்ய வேண்டும். யாரோ ஒருவர் தெரியாமல் தராசடிக் கொம்பியூட்டரிலும் அதை இயக்கிவிட்டால், ஒரே வயலுக்கு இரண்டு பேர் மடை திறக்கிற கதைதான். மெயினைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் ஃபைல், யூட்டிலிட்டீஸ் என்று போய்ப் பாருங்கள். 'ஸ்டொப் ஹோஸ்டிங் மல்டி-யூசர் அக்சஸ்' என்று இருந்தால் அதைத் தட்டி நிறுத்துங்கள். 'ஹோஸ்ட் மல்டி-யூசர் அக்சஸ்' என்று இருந்தால் அது சரியாகத்தான் இருக்கிறது, தொடவே வேண்டாம். இந்த இரண்டு வரியும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், நிதானமாக வாசித்துவிட்டுத் தட்டுங்கள்.

மெயினில் சேர்விஸ் ஓடுகிறதா?

மெயினில் விண்டோஸ் தேடலில் சேர்விசஸ் என்று அடித்துத் திறந்தால், பின்னணியில் ஓடுகிற சேர்விஸ்களின் நீண்ட பட்டியல் வரும். அதில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று குவிக்புக்ஸ்டிபி என்று தொடங்கி இரண்டு இலக்கத்தில் முடியும். 2024 பதிப்பு என்றால் 34, 2021 என்றால் 31, அதாவது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தோடு 10 கூட்டினால் வருவது. மற்றது கியூபிசிஎஃப்மொனிட்டர்சேர்விஸ். இரண்டுக்கும் நேரே 'ரன்னிங்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வலது கிளிக் செய்து தொடங்குங்கள்.

அத்தோடு விட்டுவிடாமல் இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போய், தொடங்கும் முறையை 'ஓட்டோமெட்டிக்' ஆக்குங்கள். 'ரிகவரி' என்ற பக்கத்தில் மூன்று பெட்டி இருக்கும், மூன்றிலும் 'ரீஸ்டார்ட் த சேர்விஸ்' என்று தெரிவு செய்து சேமியுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் போய் வந்த பிறகு இந்தச் சேர்விஸ் எழும்பாமல் கிடப்பது சாதாரணம். இப்படி வைத்துவிட்டால் அது தானே எழும்பிக்கொள்ளும், காலையில் உங்களுக்கு அழைப்பு வராது.

அடுத்து மெயினில் குவிக்புக்ஸ் டேட்டாபேஸ் சேர்வர் மனேஜரைத் திறந்து, பைல் இருக்கிற போல்டரைத் தெரிவு செய்து ஸ்கான் கொடுங்கள். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற ஃபயர்வோலில் தனக்கு வேண்டிய வழியை அது தானே திறந்துகொள்ளும். 2019 பதிப்பிலிருந்து அந்த வழியின் எண், அதாவது போர்ட் எண், கொம்பியூட்டருக்குக் கொம்பியூட்டர் மாறுவதால், பழைய காணொளிகளில் சொல்கிற எண்களை நம்பிப் போட வேண்டாம். அதே மனேஜரில் 'போர்ட் மொனிட்டர்' என்ற பக்கத்தில் உங்கள் எண் இருக்கும். தனியாக அன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்கும் சொந்த ஃபயர்வோல் இருக்கும், அதிலும் அந்த எண்ணைத் திறந்துவிட வேண்டும்.

அப்படியும் வராவிட்டால், எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டு, பைல் போல்டரில் உங்கள் கணக்கின் பெயரோடு என்.டி என்று முடிகிற சின்னப் பைலைத் தேடுங்கள். அதில் இருப்பது கணக்கு இல்லை, பாதை பற்றிய குறிப்பு மட்டும். அதன் பெயரின் முடிவில் 'ஓல்ட்' என்று சேர்த்துவிட்டுத் திரும்ப ஸ்கான் கொடுத்தால் புதியது உருவாகும். கவனம்: கியூ.பி.டபிள்யூ என்று முடிவதும் டி.எல்.ஜி என்று முடிவதும் பக்கத்திலேயே இருக்கும். முதலாவது உங்கள் கணக்கு, இரண்டாவது கடைசிப் பக்கப் பிரதிக்குப் பிறகு நடந்த பதிவுகள். அவற்றின் பெயரை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்.

திரும்ப வராமல் இருக்க

ஒவ்வொரு முறை ரவுட்டரை அணைத்துப் போடும்போதும் மெயினுக்கு வேறு முகவரி கிடைக்கலாம். மற்றவை பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற தாளில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும், அதை பிரௌசரில் அடித்து உள்ளே போய், முகவரிகளைப் பங்கிடுகிற டிஎச்சிபி பகுதியில் மெயினுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பெயருக்கு பிங் வரவில்லை என்று மேலே சொன்னேனே, அப்படிப்பட்ட கொம்பியூட்டரில் நோட்பேடை நிர்வாகி அனுமதியோடு திறந்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற போல்டருக்குள் இருக்கிற, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்கிற ஹோஸ்ட்ஸ் பைலின் கடைசியில், மெயினின் முகவரி, ஒரு இடைவெளி, மெயினின் பெயர் என்று ஒரு வரி சேர்த்துச் சேமியுங்கள். முகவரியை நிரந்தரமாக்காமல் இதைச் செய்தால் அடுத்த வாரமே பிழை திரும்பும், ஆகவே ஒதுக்கீடு முதலில்.

லைன் ரவுட்டரிலிருந்து சிம் போடுகிற ரவுட்டருக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று 192.168.1 என்று முகவரி கொடுக்கும், மற்றது 192.168.8 என்று கொடுக்கலாம், அப்போது நீங்கள் ஒதுக்கி வைத்ததெல்லாம் வீணாகும். புதிய ரவுட்டரின் உள் முகவரியைப் பழையதைப் போலவே மாற்றிவிட்டு, ஒதுக்கீட்டையும் திரும்பப் போட்ட பிறகு கொம்பியூட்டர்களைச் செருகுங்கள்.

இவ்வளவும் செய்தும் வராவிட்டால் உதவி கேளுங்கள், ஆனால் "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் அனுப்பாமல், பிழைப் பெட்டியை எண் தெரிகிற மாதிரி ஒரு படம், பிங் முடிவு ஒரு படம், சேர்விசஸ் பட்டியலில் அந்த இரண்டு வரி தெரிகிற ஒரு படம், கடைசியாக எப்போது வேலை செய்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். முல்லைத்தீவில் இருந்துகொண்டு வவுனியாவிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரும்வரை காத்திருக்காமல், பெரும்பாலும் தொலைபேசியிலேயே தீர்த்துவிடலாம்.